அக்காவின் லெதர் ஜாக்கெட்

மார்ச் 3, செவ்வாய்
நேர்காணலுக்குப் போட்டுக்கொள்ள அக்கா தன் லெதர் ஜாக்கெட்டைக் கொடுத்திருக்கிறாள். இரண்டு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தவள்! அவள் ஸ்கூட்டரை நான் கொண்டுபோய் இடித்துவிட்டு, யாரோ இடித்ததாகச் சொன்னேன். இடித்ததற்கு இல்லை, பொய்க்குத்தான் அந்தக் கோபம். "பத்து வருஷமா போடறேன், ஒரு கீறல் இல்ல. பாத்துக்கோ" என்றாள்.

மார்ச் 5
நேர்காணல் சுமார். வரும் வழியில் மழை, தொப்பலாக நனைந்தேன். ஜாக்கெட்டை ரூம் ஹீட்டர் முன்னால் நாற்காலியில் போட்டிருக்கிறேன்.

மார்ச் 6
ஐயோ. ஜாக்கெட்டின் கை இரண்டும் அட்டை மாதிரி விறைத்துவிட்டன.

மார்ச் 7
என் மூளை எங்கே போச்சு? தோல்தானே, எண்ணெய் வைத்தால் இளகும் என்று சமையலறை எண்ணெயை எடுத்துத் தேய்த்தேன். தோளின் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துவிட்டது. பிசுபிசுப்பு வேறு. சாயங்காலம் அக்கா போன். "ஜாக்கெட் எப்படி இருக்கு?" "அப்படியே இருக்கு." வாய் தானாகச் சொல்லிவிட்டது. மறுபடியும் பொய் — இனி எப்படி மாற்றிச் சொல்வது?

மார்ச் 9
லெதர் பழுது பார்ப்பவரிடம் போனேன். முகர்ந்து பார்த்தார். "ஏம்மா, இத துவைச்சீங்களா தாளிச்சீங்களா?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாக்பொடி தூவி எண்ணெயை இழுத்தார். தோலுக்கென்றே உள்ள கிரீம் ஒரு டப்பா கொடுத்தார். துணியில் தொட்டு, மெல்லிசாக, தினமும். "சூடே காட்டக் கூடாதும்மா. நிழல்ல தானா காயணும். கை இளகிடும். கறை முழுசா போகாது."

மார்ச் 14
ஜாக்கெட் கைகள் மடங்குகின்றன. நாளை மறுநாள் அக்கா அதை வாங்க வருகிறாள். கறை பின்பக்கம்தானே, கவனிக்கமாட்டாளோ? யார், அவளா? பஸ் ஓட்டுகிறவள். பின்னால் வருகிறவன் கொட்டாவி விட்டால்கூடக் கண்ணாடியில் பார்த்துவிடுவாள்.

மார்ச் 15
போனில் சொல்லிவிட்டேன். ஹீட்டர், எண்ணெய், பொய், எல்லாம். "சரி, வெக்கிறேன்" என்றாள். அவ்வளவுதான். போச்சு.

மார்ச் 16
கொட்டுகிற மழையில் வந்தாள். ஜாக்கெட்டை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவ்வளவு எண்ணெய் என் தலையிலகூட யாரும் வெச்சதில்லடி." கோபமா, கிண்டலா, தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. டீ குடித்தாள். மழை விட்டதும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கதவைச் சாத்தப் போனால் என் பழைய செருப்பைக் காணோம். அவள் வேலைக்குப் போடுகிற நல்ல லெதர் பூட்ஸ் வாசலிலேயே இருக்கிறது, சொட்டச் சொட்ட நனைந்து. மேலே ஒரு சீட்டு:

"வியாழக்கிழமை வேணும். ஹீட்டர் வேணாம். எண்ணெய் வேணவே வேணாம்."