படியில் நின்ற பாட்டில்

வெஸ்ட் வின்ட்சர், நியூ ஜெர்சி
அக்டோபர் 1997

என்னங்க,

நீங்க வீட்லயே காய்ச்சி பேஸ்மென்ட்ல புளிக்க வச்சிட்டுப் போன பீரை, உங்க காரியத்துக்கு வந்த உங்க தம்பி சபரி கொட்டச் சொன்னார். "இனிமே யார் குடிக்கப் போறாங்க அண்ணி?" நீங்க கடைசியா கை வச்சது. கொட்ட எனக்கு மனசு வரலை.

அதனால நேத்து நானே பாட்டில் தேடினேன். கண்ணாடி கனமா இருக்கணும், வெளிச்சம் பட்டா பீர் கெட்டுடும்கிறதால பழுப்பு நிறமா இருக்கணும், திருகு மூடி ஆகாதுன்னு நீங்க சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்தது. பொறுக்கி எடுத்து, கழுவி, பேஸ்மென்ட் மேஜை மேல வரிசையா கவுத்து வச்சேன். அப்புறம் வீட்டைப் பூட்டிட்டுப் போய் கயலை ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வந்தேன்.

திரும்பி வந்தப்போ வரிசைல ஒரு பாட்டில் இல்லை. அது படிக்கட்டுல தனியா, நிமிர்ந்து நின்னுட்டிருந்தது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சுப் பார்த்தேன். கழுத்துல மயிரிழை மாதிரி விரிசல்.

அதுல ஊத்தி மூடியிருந்தா கேஸ் ஏறி வெடிச்சிருக்கும். கயல் எப்பவும் அந்த மேஜைக்குக் கீழதான் விளையாடுவா.

என் பின்னாடி நின்னுட்டிருந்தவ மெதுவா கேட்டா, "அம்மா, இஸ் அப்பா ஹோம்?"

நான் அந்தப் பாட்டிலை ஒதுக்கி வச்சேன். மிச்ச பாட்டில்ல பீரை ஊத்தி மூடி போட்டேன்.

அடுத்த வாரம் என் அண்ணன் வந்து எங்களை ஒரேயடியா கலிஃபோர்னியாவுக்கு, சான் ரமோன்ல இருக்கிற தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறார். அப்பாவும் வருவாரான்னு கயல் கேக்கறா. வாங்கன்னு கூப்பிடப் பயமா இருக்கு. வராதீங்கன்னு எழுதவும் முடியலை.

இன்னமும்
உங்க மனைவி