தேர்வு எழுதாத டாக்டர்

மார்ச் 9, 2020
இன்றும் கேள்வித் தொகுப்பைப் புரட்டினேன். தள்ளிவைத்த தேர்வு எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. மருத்துவப் பட்டம் வாங்கியாயிற்று, பயிற்சியும் முடிந்தது. ஆனாலும் அரசுத் தேர்வு எழுதாமல் ஒரு தலைவலி மாத்திரைகூட எழுதித்தர முடியாது. கொரோனாவால் இத்தாலியில் எங்கள் பியாசென்சா நகரமே வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறது.

மார்ச் 17
தேர்வே கிடையாதாம்! அரசு ஆணை. பட்டமும் பயிற்சியும் போதுமாம். நேற்று இல்லாத எது இன்று எனக்குள் வந்தது? கண்ணாடியில் பார்த்தேன். மூக்கில் அதே பரு.

அப்பா ஓட்டுநர் உரிமத் தேர்வாளர். அவருக்குத் தாங்கவில்லை. "உங்கம்மாவையே ரெண்டு தடவ ஃபெயில் பண்ணினவன்டி நான். உனக்குச் சும்மா தூக்கிக் குடுத்துட்டாங்களா?"

"மூணு தடவ" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

மார்ச் 24
எங்கள் பகுதியின் குடும்ப டாக்டர் பாசனீனி காய்ச்சலில் படுத்துவிட்டார். அவருடைய நோயாளிகள் இப்போது என் தலையில். போனில் எல்லோரும், "டாக்டர் எப்ப வருவாரு?" என்கிறார்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வீடுகளுக்குப் போய்ப் பார்த்ததில் ஒரு விசித்திரம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி, உட்கார்ந்திருப்பவருக்கு நன்றாகவே காட்டுகிறது. கொஞ்சம் நடக்கவிட்டால் சரசரவென்று இறங்குகிறது. ஏன்? தொகுப்பில் இப்படி ஒரு கேள்வியே இல்லை.

மார்ச் 29
அப்பாவுக்குக் காய்ச்சல் விடவில்லை. கருவியில் தொண்ணூற்றைந்து. "பாத்தியா, பாஸ்!" என்றார். நடக்கச் சொன்னேன்.

"பாசனீனி சொல்லட்டும், நடக்கறேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "நின்னுட்டிருக்கற வண்டியப் பாத்து லைசென்ஸ் குடுப்பியாப்பா நீ?"

எழுந்து கூடத்தில் நடந்துவிட்டு வந்தார். எண்பத்தேழு.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதே என்று அம்மா கெஞ்சினாள். எங்கள் தெருவிலிருந்து அங்கே போனவர்கள் பலர் திரும்பவில்லையே. அனுப்புவது தப்பென்றால்? அனுப்பாமலிருப்பது தப்பென்றால்? - யாரைக் கேட்பேன்? நான்தானே டாக்டர்!

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். யார் பேசுவது என்றார்கள். "டாக்டர் நீவெஸ் கவால்லி." அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அப்பா என்னைப் பார்க்காமலே படியிறங்கினார்.

ஏப்ரல் 4
ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு இன்றும் ஆக்சிஜன் முகமூடியில்தான் மூச்சு. அம்மா என்னோடு பேசுவதில்லை.

மே 11
அப்பா வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகிறது. இளைத்துப் போயிருக்கிறார், ஆனால் உப்பில்லை, காபி ஆறிப்போச்சு என்று சண்டை பிடிக்கிறார். அம்மா சந்தோஷமாகத் திட்டு வாங்குகிறாள்.

காலையில் அவருடைய சீட்டாட்டக் கூட்டாளி டூய்லியோ, ஜன்னலுக்குக் கீழே நின்று கத்தினார். "இறங்கி வாய்யா! கடைவீதி வரைக்கும் போயிட்டு வரலாம்."

"முடியாதுய்யா. டாக்டர் விடமாட்டேங்கறாங்க."

"யாரு, பாசனீனியா? அவரு எழுந்து நடமாட ஆரம்பிச்சுட்டாரே, நான் வேணா கேட்டுப் பாக்கவா?"

"அவரு யாருய்யா சொல்றதுக்கு? நான் சொல்றது என் டாக்டரை."

நான் உள்ளே பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் போகவில்லை.