கேசட்டில் என் குரல்

ஆஷைமான்,
3 ஜூன் 1997

கர்த்தருக்குள் அன்பான டேலாவின் அப்பாவுக்கு,

ஆண்டவர் இரக்கத்தால் நானும் டேலாவும் சுகம். கேட்டா ஊரில் உங்கள் அக்கா வேளாவேளைக்கு உங்களைப் புரட்டிப் படுக்க வைக்கிறார்களா? முதுகுப் புண் ஆறியதா? பஸ் டிரைவரிடம் வலி மாத்திரை இரண்டு பெட்டி கொடுத்திருக்கிறேன். பெட்டிக்கு இருபது, எண்ணி வாங்கச் சொல்லுங்கள்.

நஷ்டஈட்டு வழக்குக்கு வக்கீல் பிடித்துவிட்டேன். டெடேய் லாம்ப்டி என்ற அம்மா. முன்பணம் வேண்டாமாம், ஜெயித்தால் நாலில் ஒரு பங்கு. கம்பெனியில் கம்பிக் கட்டு உங்கள் மேல் விழுந்த நாளிலிருந்து வந்த ரசீதுகளைத் தேதிவாரியாகத் தைத்துக் கொடுத்தேன். "அக்கா, நீங்க எனக்குக் குமாஸ்தாவா வந்துடுங்களேன்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு போன வெள்ளிக்கிழமை வரைதான். கம்பெனிக்காரர்கள் கோர்ட்டில் ஒரு கேசட் கொடுத்திருக்கிறார்கள். நம் சபை வாசலில் விற்கிற ஈஸ்டர் ஆராதனை கேசட். கொண்டுபோய்க் கொடுத்தவர் உங்கள் மேலாளர், நம் மூப்பர் ஓஃபோசு. அன்று முன்வரிசையில் எழுந்து கைதட்டியவரும் அவரே. வக்கீல் அம்மா போட்டுக் காட்டினார். "என் கணவர் நடக்கிறார்! முதுகெலும்பு சேர்ந்துவிட்டது! வலியே இல்லை!" என் குரல்தான்.

"நடந்தாரா, இல்லையா?" என்று கேட்டார். நான்கு அடி நடந்து விழுந்தார் என்றேன். "விழுந்ததை ஏன்க்கா சொல்லலை?" வராத சுகத்தையும் வந்ததாக அறிக்கையிட்டால்தான் வரும், எங்கள் சபை வழக்கம் அது என்றேன். "அது ஆண்டவருக்குப் புரியும். ஜட்ஜுக்குப் புரியாதே" என்றார்.

ஆகவே பத்தொன்பதாம் தேதி நான் வேதாகமத்தில் கை வைத்து, ஈஸ்டர் அன்று சொன்னது நடக்காதது என்று சொல்ல வேண்டும். பாஸ்டர் வீட்டுக்கே வந்தார். "சபை நடுவுல சொன்னதை மறுத்தா ஆவியானவரையே பொய்யராக்குற மாதிரி, தங்கச்சி" என்றார். "ஆராதனை கேசட்டைக் கம்பெனிக்குக் கொடுத்தவரை என்னன்னு கூப்பிடுறது பாஸ்டர்?" என்று கேட்டுவிட்டேன். சாப்பிட வைத்த பாங்கு உருண்டையைத் தொடாமல் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை என் பெஞ்சில் நானும் டேலாவும் மட்டும்.

மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்தேன். சொல்லத்தான் போகிறேன்.

கேசட்டில் இல்லாதது ஒன்று உண்டு. டாக்டர் எழுந்திருக்கவே கூடாது என்றிருந்தார். அன்று காலை, உங்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று அழுது எழுப்பியது நான். உங்கள் இடது கால் மரத்தது அதற்கு மறுநாள். இத்தனை நாளில் ஒரு தடவைகூட நீங்கள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. வக்கீல் அம்மா இன்னும் கேட்கவில்லை. கூண்டில் யார் கேட்டாலும் மறைக்க மாட்டேன். வழக்கு அதனால் போனால் என்னை மன்னியுங்கள்.

பதினெட்டாம் தேதியே உங்கள் அக்கா வீட்டு அத்தான் உங்களை வண்டியில் அழைத்து வரட்டும். கோர்ட் வாசலில் பதினொரு படி. தூக்க நான்கு பேரிடம் பேசியிருக்கிறேன். அங்கே என்னை ஏளனமாகக் கேள்வி கேட்பார்கள். என் மானத்தைக் காக்க நீங்கள் எழுந்து நிற்கப் பார்ப்பீர்கள், எனக்குத் தெரியும். வேண்டாம். படுத்தே இருங்கள். கர்த்தருடைய கரம் உங்கள் முதுகின் கீழே இருப்பதாக.

உங்கள்,
கஃபூயி