நிறுத்து விற்ற சேட்டு

1986 ஆவணி 14, வியாழன் இரவு.

இன்று காலை ஊர்காவற்றுறைச் சந்தையில் ஒருவர் பழைய உடுப்புகளைக் குவித்து, இறாத்தல் கணக்கில் நிறுத்து விற்றார்.

"அண்ணை, காற்சட்டைப் பைக்குள்ளை கல்லுக் கிடந்தால் அதுக்கும் காசோ?" என்று சீண்டினேன்.

"உன்ரை வாயை வைச்சால் தராசு முறியும், தம்பி," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அடுத்துக் குவியலில் என் கையில் வந்தது என் அண்ணாவின் நீல அரைக்கைச் சேட்டு. போன வருடம் மீன்பிடிக்கப் போய் இன்னும் திரும்பாத அண்ணா. விளையாட்டுக்கு நான் அதன் பை வாயைத் தைத்துவிட்ட சிவப்பு நூல் அப்படியே இருந்தது.

எங்கள் ஊரில் செத்தவர்களின் உடுப்பைத்தான் வீட்டில் வைத்திருக்காமல் கொடுத்துவிடுவார்கள். அம்மா போன கிழமை வரைக்கும் அண்ணாவின் அலுமாரியைத் திறக்கக்கூட விடவில்லை.

சேட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

"அண்ணா வந்தால் எதைப் போடுறது, அம்மா?"

அம்மா சேட்டை வாங்கி என் முதுகில் வைத்துப் பார்த்தார்.

"உனக்கு இப்ப அளவாய்த்தான் இருக்கு. நீயே போடு."

சேட்டு மேசையடிக் கதிரையில் கிடக்கிறது. நான் அதைப் போட்டால், பிறகு அண்ணா வரமாட்டார் என்று நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும்.