ஒரே பெயரில் இரண்டு அட்டை

இந்த நோட்டு உன் கையில் கிடைத்திருந்தால் மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடு. படித்துவிட்டாயா? சரி. யாரிடமும் காட்டாதே. அப்பாவிடம் காட்டவே காட்டாதே. காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

மே 20, செவ்வாய்

வெயில். மூன்று நாளாக மேகம் வந்து ஏமாற்றுகிறது. தண்ணீர் லாரி வரவில்லை.

அத்தை பிரான்சிலிருந்து வந்து பத்து நாள். அப்பாவின் அக்கா. பிள்ளை இல்லை. மாமா பாண்டிச்சேரிக்காரர், பிரான்ஸ் குடியுரிமை. திரும்பிப் போகும்போது என்னையும் கூட்டிப்போய் அங்கே ஸ்கூலில் சேர்க்கப் போகிறார். பாஸ்போர்ட் எப்போதோ வந்துவிட்டது. வருகிற திங்கள், பாண்டி விசா ஆபீஸில் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வாங்க வேண்டியவை: கம்பளிக் காலுறை (இங்கே யார் விற்பார்கள்?), பூட்டு 2, வடகம், புளி, தேங்காய் எண்ணெய்.

எதிர் வீட்டு ராணி தெருவில் நின்று கத்தினாள்: "அர டிக்கெட்டு பிளேன்ல போவுதாம்டி! சீட்டு மேல ஏறி நின்னாதான் ஜன்னலு தெரியும்!" என் கிளாஸ்தான் அவளும். கிளாஸிலேயே குள்ளம் நான். பிரேயரில் எப்போதும் முதல் ஆள்.

பனி எப்படி இருக்கும் என்று அத்தையைக் கேட்டேன். "உங்கப்பன் சட்டையப் பாரு, அப்பிடித்தான்." அப்பா பீங்கான் கம்பெனியில் பொம்மை அச்சுக்குள் களிமண் கூழ் ஊற்றுகிறார். சாயங்காலம் புருவம்கூட வெள்ளை. கண்ணை மூடினால் அப்பா சட்டையை உதறிக்கொண்டே இருக்கிறார். ஜங்ஷன் ரோடு வெள்ளை. கோயில் கோபுரம் வெள்ளை. மணிமுத்தாறு வெள்ளை. அதில் என் கால் தடம் மட்டும். போக ஆசையாக இருக்கிறது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

மே 21, புதன்

அந்த ஊர் ஸ்கூலுக்குச் சின்ன வயதில் ஊசி போட்ட விவரம் வேண்டுமாம். அம்மா கம்பெனியில். நானே டிரங்குப் பெட்டியில் தேடினேன். அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் தடுப்பூசி அட்டை.

ஒன்று இல்லை. இரண்டு.

இரண்டிலும் அம்பிகா. இரண்டிலும் அப்பா பெயர், அம்மா பெயர். ஒன்றில் பிறந்தது ஜனவரி 89. அதுதான் என் பிறந்த நாள், பாஸ்போர்ட்டிலும் அதுதான். ஆனால் அதில் மூன்று ஊசிக்கு அப்புறம் கட்டம் எல்லாம் காலி. இன்னொன்றில் நவம்பர் 90. எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது.

அம்மா வந்ததும் காட்டினேன். கை கழுவக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மூத்தவ. எட்டாம் மாசம் ஜுரத்துல போயிட்டா."

"அவ பேரும் அம்பிகாவா?"

"போனவளே வந்துட்டான்னாரு உங்கப்பா. அந்தப் பேரையே வச்சாரு. ஒனக்குன்னு தனியாப் பொறப்பு பதியல."

அப்புறம் மெதுவாக மீதியைச் சொன்னாள். அப்போது எனக்கு நாலரை வயது. இரண்டு பேரும் வேலைக்குப் போக வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஸ்கூலில் விடப் போனார்கள். "கையத் தலமேல போட்டு அந்தப் பக்கத்துக் காதத் தொடுன்னாரு வாத்தியாரு. ஒனக்கு எட்டல. அடுத்த வருஷம் வாங்கன்னுட்டாரு. மறுநாளு உங்கப்பா அவ சர்டிபிகேட்ட எடுத்துக்கினு போனாரு. ஆறு வயசுன்னு சேத்துக்கிட்டாங்க."

அதனால்தான் கிளாஸில் நான் குள்ளம்.

"அத்தைகிட்ட மூச்சு விடாத. உங்கப்பாவ உள்ள தூக்கி வச்சிருவாங்க."

என் அட்டையை எடுத்துவைத்துக்கொண்டேன். இப்போது இந்த நோட்டுக்குள். நான் இருக்கிறேன் என்று சொல்ல இது ஒன்றுதான்.

மே 22, வியாழன்

கனவு. வெள்ளைத் தெரு, ஒரு பெஞ்சு. அதில் அவள். நல்ல உயரம். பக்கத்தில், பிரான்சுக்குக் கொண்டுபோக வாங்கிய என் நீலப் பெட்டி. முகம் அப்போதுதான் அச்சிலிருந்து எடுத்த பொம்மை மாதிரி, ஈரமாக, கண் இன்னும் எழுதவில்லை. பாஸ்போர்ட்டைத் திறந்து தடவிப் பார்க்கிறாள். போட்டோ என்னுடையது, தேதி அவளுடையது. என் இடத்தில் ஏன் நிற்கிறாய் என்று கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். எனக்கு இடம் விட்டாள்.

எழுந்தபோது தலையணை ஈரம்.

கத்தரிக்காய்க் குழம்பு. கரண்ட் இல்லை.

மே 24, சனி

அத்தை என்னை நாற்காலியில் உட்காரவைத்து விசா ஆபீஸர் மாதிரி கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்.

"பேரு?"

"அம்பிகா."

"டேட் ஆஃப் பர்த்?"

அடுப்படிப் பக்கம் பார்த்து முழித்தேன்.

"அட, இதுக்கேவா! அங்க பொறந்தநாளுன்னா கிளாஸே பாட்டுப் பாடும். அப்பவும் இப்பிடித்தான் முழிப்பியா?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஜனவரி என்றேன். "சபாஷ்" என்றார் அத்தை. சாக்லெட் கொடுத்தார்.

வருஷா வருஷம் அவள் பிறந்த நாளுக்கு எனக்குப் பாடுவார்கள். நான் சிரிக்க வேண்டும்.

சொன்னால்: பிரான்ஸ் இல்லை. ஒருவேளை இந்த ஸ்கூலும் இல்லை. அப்பா?
சொல்லாவிட்டால்: நவம்பரில் பிறந்தவள் எங்கேயும் இல்லை.

மே 25, ஞாயிறு

அம்மா காலையில் என் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். அப்பா கடைவீதியில் பெட்டிக்குப் பூட்டு வாங்கப் போயிருந்தார். அத்தை கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். போய் அட்டையை நீட்டினேன்.

அத்தை ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். படித்தார். திருப்பிப் பார்த்தார். எல்லாம் சொன்னேன், காது எட்டாததுகூட. அத்தை என்னைத் திட்டவில்லை. "உள்ள போ" என்றார், அவ்வளவுதான். பகல் முழுக்க அட்டை அவர் இடுப்பில். சாப்பிட உட்காரவில்லை.

இப்போது பின்கட்டு அறையில் நான். டார்ச் வெளிச்சம். தாழ் போட்டிருக்கிறேன். கூடத்தில் சத்தம். கேட்கிறதை எழுதுகிறேன்.

அத்தை: "ஒரு கொழந்த போயிடுச்சின்னு லெட்டர் போட்ட. பேரு எழுதல. எந்த அம்பிகாவத் தம்பி என்கூட அனுப்புற?"

அம்மா: "அவர ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணி. நானுந்தான் ஒத்துக்கிட்டேன்."

அப்பா: "நாளைக்குப் போயிட்டு வந்துரலாம்க்கா. யாரு கண்டா?"

அத்தை: "புள்ளைக்குத் தெரியுதே. அது போதாதா? நாளைக்கு வாணாம். முதல்ல இவளப் பதி. கோர்ட்டோ தாலுகா ஆபீஸோ, எங்க அலையணுமோ அலை. ஒரு வருஷம் ஆனா ஆவட்டும், நான் திரும்ப வந்து கூட்டிக்கிறேன்."

அம்மா அழுகிறாள். அப்பா மூக்கை உறிஞ்சுகிறார். அப்பாவா?

எனக்குப் பயமாக இருக்கிறது. அழுகையாகவும் வருகிறது. ஒரு வருஷம். போகாமலே போய்விடுமோ. ஆனால் மூச்சு விட முடிகிறது.

நாற்காலி நகர்கிறது. காலடி. அப்பாதான். கதவு தட்டுகிறார், மெதுவாக, விரல் முட்டியால்.

"சின்னவளே. கதவத் தெற."

சின்னவளா? இந்த வீட்டில் என்னை யாரும் இதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.