வேப்பங்கொப்பு காட்ட மறந்த நாள்

என் தங்கச்சி பெற்று, என் கையில் விட்டுப் போன நேசா,

ஒரு வருசம் முடிந்து உனக்கு ஆட்டைத் திவசம் வருகிறது. அதற்கு ஒரு சின்னப் புத்தகம் அடிக்கிறார்கள். உன் கூட்டாளிகள் எல்லோரும் எழுதுகிறார்கள், மாமாவும் ஏதாவது சொல்ல வேண்டும் என்றார்கள். நான் சொல்லச் சொல்ல என் மகள் செல்வி எழுதுகிறாள். சொன்னபடி எழுது பிள்ளை, அழகுபடுத்தாதே என்றேன். "அழகுபடுத்த இதில என்னப்பா கிடக்கு?" என்று கேட்கிறாள்.

முதலில் வீட்டுப் புதினம். மழை பிந்திவிட்டது, விதைத்த நெல் பாதி முளைக்கவில்லை. எனக்கு இடது முழங்கால் மடங்குவதில்லை. உன் கமராப் பெட்டி எங்கள் அலுமாரிக்கு மேல்தான் இருக்கிறது. கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்கும் என்று நீ பயப்படுவாயே, அதனால் அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அரிசியை மாற்றுகிறேன்.

நீ முடிக்காமல் விட்ட படத்தை மாதவி முடிக்கிறாள். இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும்: மாதவி அந்தப் படத்தின் இயக்குநர், கொழும்பில் இருக்கிற பிள்ளை. வன்னியில் உழைக்கிற சனத்தை அவர்களுடைய வேலையோடு காட்டுவதுதான் படம். கமரா என் மருமகன் நேசன். ஸ்டாண்ட் தூக்கியது, வழி காட்டியது, வெயிலில் குடை பிடித்தது நான்.

உன் வேலை என்ன வேலை என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. பூநகரியில் ஒரு வயல் வரம்பில் விடிந்ததிலிருந்து மத்தியானம் வரைக்கும் நின்றோம். மேகம் விலக வேண்டும் என்றாய். விலகியது. பிறகு காற்று நிற்க வேண்டும் என்றாய். காற்று நின்றபோது அறுவடைக்காரர் சாப்பிடப் போய்விட்டார்கள். வெறும் வயலை அரை நிமிடம் எடுத்துவிட்டு, "காணும் மாமா, போவம்" என்றாய். பஸ்ஸுக்கு இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது. இதுவும் ஒரு வேலையா என்று அன்றைக்கு உன்னைத் திட்டினேன், நினைவிருக்கிறதா?

உன் படத்தில் சத்தம் வேறு பெட்டியிலும் காட்சி வேறு பெட்டியிலும் ஏறும். பிறகு இரண்டையும் பொருத்துவதற்கு, ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் ஒருவர் பலகையில் இலக்கம் எழுதிக் காட்டிக் கை தட்ட வேண்டும். பலகையை என்னிடம் தந்தாய். எழுத்துத் தெரியாதவன் இலக்கத்தை எப்படி எழுதுவது? நீ யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாய்:

"பலகையை விடுங்கோ மாமா. அந்தந்த இடத்தில என்ன கிடக்கோ அதைத் தூக்கிக் காட்டிக் கை தட்டுங்கோ. மிச்சத்தை உங்கட மண்டை பாத்துக்கொள்ளும்."

அப்படித்தான் செய்தோம். பூநகரி என்றால் நெற்கதிர். புளியங்குளத்தில் சூளைக்குக் கல் அரிகிறவர்களை எடுத்தபோது செங்கல் துண்டு. கடற்கரை என்றால் மட்டி ஓடு. எந்தக் கதிருக்குப் பின்னால் யார் வந்தார், என்ன சொன்னார், எல்லாம் எனக்கு மனப்பாடம். எழுதிவைக்க நீ ஒரு கொப்பியே வைத்துக்கொள்ளவில்லை.

வேப்பங்கொப்பு மட்டும் என் யோசனை. எடுத்து முடிகிற நேரம் சிலர், "தம்பி, இதைப் போடாதேங்கோ" என்பார்கள். நீ வாக்குக் கொடுப்பாய். அந்தத் துண்டு முடியும்போது நான் வேப்பங்கொப்பைக் காட்டுவேன். அம்மாள் வந்து அம்மை போட்டிருக்கிற வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தால் யாரும் உள்ளே நுழைய மாட்டார்கள் அல்லவா? அதே கணக்குத்தான். மாதவியும் அந்த ஒழுங்குக்கு மரியாதை கொடுத்தாள்.

ஆனால் ஒரு நாள் நான் அதைக் காட்ட மறந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். முல்லைத்தீவுக் கரையில், கடல்நீர் தேங்கிக் கிடக்கிற களப்போரத்தில் ஒரு வேதக்கார ஊர், கிறிஸ்தவச் சனம். துக்கத்துக்குக் கறுப்புச் சீலை உடுத்தியிருந்த அந்த அம்மாவின் பெயரையும் சொல்லமாட்டேன். "கறுப்புச் சீலை எண்டு எழுதினா ஆள் பிடிபடாதோ அப்பா?" என்று செல்வி கேட்கிறாள். பிடிபடாது. அந்தக் கரையில் கறுப்புச் சீலை உடுத்தாத வீடு குறைவு.

புருசன் கடலில் போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. நாங்கள் போனதும் அந்த அம்மா செய்த முதல் வேலை, உள்ளே போய் அவருடைய படத்தைச் சட்டத்தோடு கழற்றி எடுத்து வந்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றதுதான். எங்கள் பகுதியில் கமராவைக் கண்டால் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். கேட்க வேண்டியதே இல்லை. நீ எத்தனை வீட்டில் சொன்ன வார்த்தையை அங்கேயும் சொன்னாய்: "படத்தை உள்ள வையுங்கோம்மா. நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ."

அவர் வலையிலிருந்து மீன் கழற்றத் தொடங்கினார். நீ கமராவைத் தோளில் வைத்தாய். உனக்குப் பின்னால் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக நடந்த நான் களப்புச் சேற்றுக்குள் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டேன். நீ கமராவோடு திரும்பினாய்.

"மாமா! உங்களை விடுங்கோ, ஸ்டாண்டைப் பிடியுங்கோ!"

"ஐயோ தம்பி, முதல்ல ஐயாவைத் தூக்குங்கோ," என்றார் அந்த அம்மா. "ஸ்டாண்டுக்கு மூண்டு காலிருக்கு, அது ஏறி வரும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் கண்டதில்லை. வலையைப் போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நீயும் சிரித்தாய். சேற்றுக்குள் நின்ற நானும் சிரித்தேன். திடீரென்று அவர் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுப் பக்கம் பார்த்தார். உள்ளே மாமியார் இருந்தார்.

"தம்பி, இதை ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ. வருசம் முடியேல்லை. பெத்த தாய் உள்ள அழுதுகொண்டு கிடக்கிறா."

"காட்டமாட்டன் அம்மா. பயப்படாதேங்கோ," என்றாய்.

அந்த வெட்டை வெளியில் வேப்பமரம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. நான் சேறு கழுவப் போனேன். கழுவிவிட்டு வந்து, பழக்கத்தில், மட்டி ஓட்டைக் காட்டிக் கை தட்டி அடுத்த துண்டைத் தொடங்கிவிட்டேன். நான் நினைவில் வைத்திருப்பேன் என்று நீ இருந்தாய். நீ வைத்திருப்பாய் என்று நான் இருந்தேன். அதிலிருந்து எட்டு மாதத்தில் உன் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வவுனியா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த அந்த நாட்களில் நாங்கள் படத்தைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

போன மாதம் மாதவி லப்டொப்போடு வந்தாள். கதிர், கல், ஓடு என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். நான் ஊரும் ஆளும் சொன்னேன். நாலாம் நாள் அந்தத் துண்டு வந்தது. முதலில், நீ கமராவோடு திரும்பிய வேகத்தில், களப்பு சரிந்து தெரிந்தது. பிறகு உன் குரல் வந்தது.

நேசா, நீ எடுத்தது எவ்வளவு! அதில் எங்கேயும் நீ இல்லை. சத்தம் கெடும் என்று வாயே திறக்க மாட்டாய். உன் கலியாணப் பேச்சும் சரிவரவில்லை, ஒரு கலியாண வீடியோகூட இல்லை. அந்த ஒரு துண்டில்தான் நீ என்னைக் கூப்பிடுகிறாய். அந்த ஒரு துண்டில்தான் சிரிக்கிறாய்.

"இது ஆர் மாமா?" என்று மாதவி கேட்டாள். ஊரைச் சொன்னேன், அந்த அம்மாவின் பெயரைச் சொன்னேன். வாக்கைச் சொல்லவில்லை. திரும்பப் போடு பிள்ளை என்றேன். ஐந்து தரம் போட வைத்தேன்.

மூன்று நாள் அதை மறைத்துவைத்தேன். கடைசியில் மாதவியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் அந்தத் துண்டைத் திரும்பவும் கடைசி வரைக்கும் ஓட்டிப் பார்த்தாள்.

"இதில வேப்பங்கொப்பு இல்லையே மாமா."

"நான் மறந்திட்டன் பிள்ளை."

"நீங்களா? நீங்கள் ஒண்டையும் மறக்கிறேல்லையே. மாமா, வாற ஆக்கள் எல்லாரும் எங்கட சனத்தை அழவிட்டுத்தான் எடுக்கிறாங்கள். இந்தப் படம் முழுக்க ஒரே ஒரு சிரிப்புத்தான் கிடக்கு. அதையும் வெட்டச் சொல்லுறீங்களோ?"

அவள் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் என்னைக் களைக்க வைத்தது. நான் செய்த ஒழுங்கே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. "வருசம் எப்பவோ முடிஞ்சிருக்கும்தானே, போய்க் கேட்டுப்பாருங்கோ," என்றாள். ஓம், போடுங்கோ என்பார் என்று எனக்கும் ஆசை இருந்தது. உன்னிடம் எதற்கு மறைப்பது?

செல்வியும் நானும் இரண்டு பஸ் மாறிப் போனோம். அந்த அம்மா இப்போது நீலச் சீலை உடுத்தியிருந்தார். என்னை யாரென்று மட்டுக்கட்டியதும், "ஸ்டாண்ட் சுகமோ ஐயா?" என்றார். பிறகு என் பின்னால் எட்டிப் பார்த்தார். "தம்பி எங்க? கமராவோட வாறாரோ?"

அவருக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? சொன்னேன். கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வைத்துக்கொண்டு வந்தார். அவர் கண் சிவந்திருந்தது. செல்வி மெதுவாக விசயத்தைச் சொன்னாள். அதில் உன் குரல் இருப்பதைச் சொல்ல வேண்டாம் என்று பஸ்ஸிலேயே அவளுக்குச் சொல்லியிருந்தேன். அது இரந்து கேட்பதுபோல ஆகிவிடும்.

"ஊர்ச்சனத்துக்கு நான் இப்ப பயமில்லை ஐயா," என்றார். "மாமிக்குத்தான். மகனில்லாத வீட்டில என்னோடதான் கிடக்கிறா. ஒன்பது மாசத்தில நான் வாய் விட்டுச் சிரிச்சதை அவா காணக்கூடாது. அவா இருக்குமட்டும் வேண்டாம். அழிக்கவும் வேண்டாம். தம்பி கஷ்டப்பட்டு எடுத்தது."

உள்ளேயிருந்து கிழவி, "ஆர் மோனை வந்திருக்கினம்?" என்று கேட்டார்.

"படம் எடுக்க வந்த ஐயா, மாமி. சேத்துக்குள்ள விழுந்தவர்."

"இப்பவும் விழுந்தவரோ?"

நான் எழும்பும்போது, நடந்ததைப் பெயர் சொல்லாமல் புத்தகத்தில் சொல்லலாமோ என்று கேட்டேன். "சொல்லுங்கோ. தம்பி வாக்குக் காப்பாத்தினவர் எண்டு சொல்லுங்கோ," என்றார். காப்பாற்ற வேண்டியது இனித்தான் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

மாதவி மறுபேச்சுப் பேசவில்லை. வெட்டிவிட்டாள். உன் குரலை மட்டும் பிரித்து எடுக்கலாமா என்று அவளாகவே பார்த்தாள். "மூண்டு பேரும் ஒருத்தருக்கு மேல ஒருத்தர் சிரிக்கிறீங்கள் மாமா, பிரிக்க ஏலாது," என்றாள். பிறகு, "செல்வி அக்காவின்ர போனில போட்டு விடட்டோ? நீங்கள் மட்டும் கேளுங்கோ," என்றாள். போனில் போனது எந்தப் போனில் நிற்கும்? வேண்டாம் என்றேன். வேண்டும் என்றுதான் வாய் வந்தது.

அந்தத் துண்டு ஒரு பெட்டியில் தனியாகக் கிடக்கிறது. எனக்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறக்கிறவர்களுக்கு இதை அச்சில் விட்டுப் போகிறேன்: அதில் ஒரு வீட்டுக்காரிக்கு என் மருமகன் கொடுத்த வாக்கு இருக்கிறது. அந்த அம்மா சொல்லும்வரை அதை வெளியில் விடாதீர்கள். நம் இருவர் மண்டையையும் நம்பியது போதும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். துண்டுகளைப் பார்த்துக்கொண்டு வரும்போது ஒரு சத்தம் கேட்டது. கமராவைத் தோளில் வைத்தால் அது ஆடாமல் இருக்க நீ மூச்சை அடக்குவாய். எடுத்து முடிந்ததும், நிறுத்துவதற்கு முன்னால், மெல்ல விடுவாய். ஒவ்வொரு துண்டின் வாலிலும் அது இருக்கிறது. படத்துக்கு வேண்டாதது என்று மாதவி அதற்கு முன்னாலேயே வெட்டிவிடுவாள். சரிதான், அது அவள் வேலை. என்னோடு பார்க்கும்போது மட்டும் வெட்டாமல் கடைசி வரைக்கும் ஓடவிடு பிள்ளை என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகு அவளும் லப்டொப்பிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்கிறாள்.

பார்க்க இன்னும் நிறையக் கிடக்கிறது. கண் பூளை தள்ளுகிறது, முதுகு நோகிறது, சில நாள் எழும்பவே மனமில்லை. ஆனாலும் ஒன்றும் விடாமல் பார்த்து, ஆளையும் ஊரையும் சொல்லிக் கொடுப்பேன். நீ மூச்சு விட்டு முடிக்கும்வரை எந்தத் துண்டையும் நிறுத்த விடமாட்டேன்.

உன் தாய்மாமன்,
முத்தையா