பரஸ்தானம் வைத்த பெட்டி

1941 நவம்பர் 28, வெள்ளி இரவு. ஸ்ரீவராகம்.

வெங்கடராமன் ஆகிய நான், மலாயா மலைப்பாதைப் பயணம் குறித்த என் முடிவை எழுதிவைக்கவே பேனாவை எடுத்தேன்.

ஈப்போவிலிருக்கும் மகள் லலிதாவும் மாப்பிள்ளையும் தங்கள் மோட்டாரில் எங்களைத் தேயிலை மலைகளுக்கு அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. கப்பலேறும் தினம் நல்லதாக இல்லை. ஆகவே முன்னதாகவே நல்ல நேரத்தில் புறப்பட்டதாகக் கொள்ளும்படி, அடுத்த வீட்டுச் சுப்பையரிடம் பெட்டியைப் பரஸ்தானமாக வைத்திருந்தேன். வைத்ததைத் திரும்ப எடுப்பது அபசகுனம்.

பினாங்கிலிருந்து நேற்று வந்திறங்கிய சுப்பையரின் மைத்துனர், இன்று மாலை அந்தப் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"மலை பார்க்கவா போறேள்? அந்த ரோட்டிலே இப்போ பட்டாள லாரிதான் ஓய் ஓடறது. ராத்திரி விளக்கேத்தப்படாதுன்னு உத்தரவு."

"நல்ல நேரத்திலே வச்ச பெட்டியாக்கும்" என்றேன்.

"குண்டு ராகுகாலம் பார்த்தா விழும்?"

வீடு திரும்பி மனைவி விசாலத்திடம் சொன்னேன். "நாம போகாட்டா சரி. லலிதா அங்கேன்னா இருக்கா?" என்றாள். மலைவளைவுகளை நான் சிவப்பு மையில் குறித்திருந்த வரைபடத்தை மடித்துவைத்தேன்.

நாளை விடிந்ததும், நேரம் பாராமல், பெட்டியை நானே எடுத்து வருவேன். குடும்பத்தோடு உடனே கப்பலேறி இங்கே வந்துவிடும்படி லலிதாவுக்குத் தந்தி கொடுப்பேன்.